இடிபட்டவள்தான் சொல்ல வேண்டும்

நான் விளையாடப் போவதற்கு அப்பா போட்ட நிபந்தனைகள் நான்கு. ஒன்று, விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இரண்டு, துப்பட்டாவைப் பின் குத்தித்தான் போட வேண்டும். மூன்று, அம்மாவும் கூட வந்து ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காவது நிபந்தனை அப்பாவுக்குத் தானாகத் தோன்றியதல்ல. மாமா வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சென்னையில் பொறியியல் படித்து முடித்திருந்தார். கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து வேலைக்கும் எடுத்துவிட்டார்கள்; எப்போது வந்து சேர வேண்டும் என்ற மெயில் மட்டும் வரவில்லை. அது வரும்வரை சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் இருந்தார். காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போவார், மெயில் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவார், அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. மீதிப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருநாள் பெட்டியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்தார். சென்னையில் கடற்கரை மணலில் கற்றுக்கொண்ட ஆட்டமாம். ஃபிரிஸ்பீ என்றார். எங்கள் தெருவில் அது முதல் நாளே தட்டு ஆட்டம் ஆகிவிட்டது.

ஆட்டம் எளிது. தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக் கூடாது. நின்ற இடத்திலிருந்து தன் ஆளுக்கு வீச வேண்டும். அப்படியே கைமாறிப் போய், எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அந்தப்புறம் ஒருவர் பிடித்துவிட்டால் ஒரு பாயிண்ட். நடுவில் கீழே விழுந்தால் தட்டு எதிரணிக்கு. சிக்கல் ஆட்களில்தான் வந்தது. தெருப் பையன்களை மட்டும் வைத்தால் இரண்டு அணி தேறவில்லை. பெண்பிள்ளைகளையும் சேர்த்தால் தேறும். நான் அப்போது ஏழாம் வகுப்பு முடித்துக் கோடை விடுமுறையில் இருந்தேன். எதிர்வீட்டு அக்கா பத்தாவது எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். மாமா எங்கள் இருவரையும் மனதில் வைத்துக்கொண்டு, அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"பொட்டப்பிள்ளைய பயலுவளோட ஓட விடச் சொல்லுதியா மாப்ளே?"

"அத்தான், இது கபடி இல்ல. இதுல யாரும் யாரையும் தொடவே கூடாது. ரூல்ஸே அப்படித்தான். தொட்டா ஃபவுல்."

"தொடவே கூடாதா?"

"தொடவே கூடாது."

அப்பா இளவட்டத்தில் கபடி ஆடியவர். ஆட்டம் என்றால் ஒருவனை நாலு பேர் அமுக்குவது என்பதே அவர் கணக்கு. யாரும் யாரையும் தொடாத ஓர் ஆட்டம் இருக்கிறது என்பது அவருக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் மரியாதையாகவும் இருந்திருக்க வேண்டும். ரசம் ஊற்றிப் பிசைந்து முடிக்கும்வரை யோசித்தார்.

"அப்படின்னா சரி. ஆனா ஒன்னு. எவனாவது இவ மேல பட்டான்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கோட முடிஞ்சுது."

இதுதான் நான்காவது நிபந்தனை. கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் யார் யார் மேல் பட்டாலும் எங்கள் ஊரில் கேட்பார் கிடையாது. தட்டு ஆட்டத்தில் மட்டும் படக் கூடாது. எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. ரூல்ஸ் ரூல்ஸ்தானே என்று நினைத்தேன்.

எங்கள் தெருவின் கடைசியில் விசைத்தறி ஷெட்டுகள் வரிசையாக இருக்கும். அப்பாவும் அதில் ஒன்றில்தான் தறி ஓட்டினார். ஷெட்டுகளுக்குப் பின்னால், தண்டவாளம்வரை, கரிசல் பொட்டல். வெயிலில் வெடித்துக் கிடக்கும். நாலு மூலைக்கும் செருப்புகளை வைத்தால் மைதானம். ஓரமாக நின்ற உடைமரத்தின் அரைகுறை நிழலில் அம்மா உட்காருவாள். மடியில் ஓரம் மடிக்க வேண்டிய துண்டுகள் இருக்கும், கையில் ஊசி. ஊசியால் தைத்ததற்குக் காரணம், அம்மாவின் தையல் மெஷின் அத்தை வீட்டில் இருந்தது.

அத்தை அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு தீபாவளிக்கு முன்னால், "ரெண்டு ஜாக்கெட் தச்சுட்டுத் தந்துருதேன்" என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போனாள். அது அம்மா கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் வாங்கிக் கொடுத்த மெஷின். அதற்குப் பிறகு தீபாவளிகள் வந்து போயின. எங்கள் வீட்டு முன்னறைத் தரையில் மெஷினின் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. வாரம் ஒரு தடவை அத்தை வருவாள், அந்தத் தடத்தின் மேல் நாற்காலியைப் போட்டு உட்காருவாள், அம்மா காப்பி கொடுப்பாள்.

"கேளேன்க்கா," என்று மாமா சொல்வார்.

"கேட்டா மொகம் மாறிரும்லே. அப்புறம் போக்குவரத்தே நின்னுரும்," என்பாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

மாமா எங்களுக்கு ரூல்ஸ் சொல்லிக்கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்வார். நின்று கொண்டிருப்பவரின் இடம் அவருக்குச் சொந்தம். அவர் தலைக்கு மேலே இருக்கும் வானமும் அவருக்கே சொந்தம், "உன் வீட்டு மொட்டமாடிக்கு மேல அடுத்தவன் கட்ட முடியுமாட்டி? அப்படித்தான்" என்பார். பின்னாலிருந்து பாய்ந்து வந்து இன்னொருவர் மேல் விழுந்தால், கை தட்டில் பட்டிருந்தாலும் தப்பு தப்புதான்.

பிறகுதான், அப்பாவிடம் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். தொட்டாலே ஃபவுல் என்பது முழு உண்மை இல்லை. ஓடுகிற வேகத்தில் முழங்கை உரசும், கை படும், அதெல்லாம் நடக்கும். அந்தப் படுதலால் ஆட்டம் மாறியதா, பிடிக்க வேண்டியவர் பிடிக்க முடியாமல் போனாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்பாவிடம் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரசம் ஆறிரும்ட்டி," என்றார்.

எல்லாவற்றையும்விட விசித்திரமான ரூல் கடைசியில் வந்தது. இந்த ஆட்டத்துக்கு அம்பயர் கிடையாது. விசில் ஊத ஆள் கிடையாது. யார் மேல் இடித்ததோ அவர்தான் ஃபவுல் என்று சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லக் கூடாது, கூட ஆடுகிறவர்கூட. இடித்தவர் ஒன்று ஒத்துக்கொள்ளலாம், இல்லை மறுக்கலாம். ஒத்துக்கொண்டால் தட்டு இடிபட்டவருக்கு. மறுத்தால் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும், அந்த எறிதல் நடக்கவே இல்லை என்பதுபோல ஆட்டம் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

"ஒடனே சொல்லணும். சத்தமாச் சொல்லணும். மனசுக்குள்ள சொன்னா கணக்குல வராது," என்றார் மாமா.

சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. நாள் முழுக்கத் தறி ஓடும் தெருவில் சீனி இரவல் கேட்பதைக்கூடக் கத்தித்தான் கேட்போம். வெளியூரிலிருந்து வருபவர்கள் நாங்கள் சண்டை போடுவதாக நினைத்துப் பயப்படுவார்கள். ஆகவே தறிச் சத்தத்துக்கு மேலே ஃபவுல் என்று கத்தப் பழகினோம். மாமா தண்டவாளத்துப் பக்கம் போய் நின்றுகொள்வார், ஒவ்வொருவராகக் கத்த வேண்டும், கேட்டால் கையைத் தூக்குவார். எனக்குப் பல தடவை தூக்கவில்லை. பிறகு தூக்கினார்.

ஆனால் ஆட்டத்தில் நான் ஒரு தடவைகூட ஃபவுல் சொன்னதில்லை. முழங்கை உரசியபோது, ஆட்டம் மாறவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மாறிய ஒன்றிரண்டு தடவையும் அதையே சொல்லிக்கொண்டேன். ஃபவுல் என்று நான் கத்தினால் அது அப்பா காதில் விழும் என்பது ரூல்ஸை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த எனக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளைகளோடு போட்டி வைத்த அன்று அந்தத் தீர்ப்பு மாட்டிக்கொண்டது.

அவர்கள் அணியில் நெட்டை என்று ஒருவன். என்னைவிட ஒரு வகுப்பு கூட, ஒரு முழம் உயரம். அவன் கையை நீட்டினால் தட்டு தானாக வந்து உட்காரும். அவனால்தான் அவர்கள் எங்களுக்குச் சமமாக வந்தார்கள். இல்லை, எதிர்வீட்டு அக்காவின் எறியால்தான் நாங்கள் அவர்களுக்குச் சமமாக இருந்தோம். கடைசிப் பாயிண்ட். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

அந்த நாட்களில் கரண்ட் போவது பெரிய விஷயமில்லை. ஆனால் தறித் தெருவில் அது போகும் விதம் வேறு. அத்தனை ஷெட்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். காதிலிருந்து பஞ்சை எடுத்த மாதிரியும் இருக்கும், பஞ்சு வைத்த மாதிரியும் இருக்கும். தறிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து, பொட்டலை ஒட்டிய குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். பீடி பற்ற வைத்தார்கள். கடைசியாக வந்து உட்கார்ந்தவர் அப்பா. நான் ஆடுவதை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்கா எறிந்தாள். தட்டு உயரமாகப் போய், காற்றில் கொஞ்சம் தயங்கி, நேராக என்னைப் பார்த்து இறங்கியது. நான் கோட்டுக்கு அந்தப்புறம் நின்றுகொண்டிருந்தேன். கையைக்கூட அதிகம் நீட்ட வேண்டாம். அப்போது பின்னாலிருந்து நெட்டை பாய்ந்து வந்து என் மேல் மோதினான். நான் ஒரு பக்கம் விழுந்தேன், தட்டு ஒரு பக்கம் விழுந்தது. கரிசல் கட்டி முழங்காலைக் கிழித்தது.

விழுந்து கிடந்தபடியே சரிபார்த்தேன். இடம் என்னுடையது. மோதியது அவன். அதனால்தான் பிடிக்க முடியவில்லை. மூன்றும் சரியாக இருந்தன. எதிர்ப்பக்கம் ஒன்றே ஒன்றுதான்: சுவரில் அப்பா. நான் பேசாமல் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டால் இது இரண்டு பிள்ளைகள் கால் தடுக்கி விழுந்ததாகப் போய்விடும். நான் சொன்னால், ஒரு பையன் என் மேல் மோதினான் என்று ஆகும். அக்காவால் சொல்ல முடியாது. மாமாவாலும் முடியாது. இருவரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். மரத்தடியில் அம்மாவின் ஊசி பாதித் தையலில் நின்றிருந்தது.

"ஃபவுல்!"

தறி ஓடும்போது கத்தப் பழகிய தொண்டை. தறி நின்றிருக்கிறது என்பது வாய்க்குத் தெரியவில்லை. சத்தம் ஷெட்டுச் சுவர்களில் மோதித் திரும்பி வந்தது. தண்டவாளத்து ஓரம் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது. இதைத் துணிச்சல் என்று இப்போது யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். அன்றைக்கு அது வெறும் பழக்கதோஷம்.

சுவர் முழுக்க எழுந்துவிட்டது.

"இடிச்சாம்லா! நாங்க பாத்தோம்லா!"

"இல்லவே, அவன் தட்டத்தான் புடிக்கப் போனான்!"

மாமா இரண்டு கையையும் தூக்கினார். "அண்ணாச்சி, பாத்தவங்க சொல்லக் கூடாது. இடிபட்டவளும் இடிச்சவனும்தான் பேசணும்."

"அப்போ எங்களுக்குக் கண்ணு எதுக்குவே இருக்கு?"

"அம்பயர் இல்லாத வெளாட்டெல்லாம் ஒரு வெளாட்டா? சென்னையில இதத்தான் படிச்சுட்டு வந்தியோ?"

அப்பா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். துண்டை மடித்தார், பிரித்தார்.

மாமா நெட்டையிடம் திரும்பினார். "ஒத்துக்கிடுதியா, இல்லேங்கியா?"

நெட்டை சுவரைப் பார்த்தான். அங்கே அவனுடைய பெரிய அண்ணனும் உட்கார்ந்திருந்தான். பெண்பிள்ளை மேல் மோதினேன் என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொண்டால் வீட்டில் முதுகு வீங்கிவிடும்.

"படல," என்றான்.

"சரி. அவளும் சொல்லியாச்சு, இவனும் சொல்லியாச்சு. தட்டு எறிஞ்சவ கைக்குப் போகட்டும். எல்லாரும் முன்ன நின்ன எடத்துலயே நில்லுங்க."

அவ்வளவுதான். சுவரில் இருந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு சண்டை வரும் என்று எழுந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அக்கா மறுபடி எறிந்தாள். இந்தத் தடவை தட்டு என் தலைக்கு மேலே பறந்து உடைமுள்ளில் போய்ச் செருகியது. எதிரணி அதை எடுத்து இரண்டே எறியில் எங்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். தோற்றுப்போனோம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் கலந்து வட்டமாக நின்று பேச வேண்டும் என்பதும் ரூல். சென்னையில் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நிற்பார்களாம். எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று மாமாவே அதைத் திருத்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லியிருந்தார். பிரார்த்தனைக் கூட்டம்போல் நின்றோம். நெட்டை தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, சுவருக்குக் கேட்காத குரலில், "லேசா பட்டிருக்கும்போல," என்றான். அக்காதான் முதலில் சிரித்தாள்.

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தோம். மாமா முன்ஜாக்கிரதையாக, "அத்தான், கை படல, தோளுதான்," என்று ஆரம்பித்து, அப்பா நிமிர்ந்து பார்த்ததும் அப்பளத்துக்குத் திரும்பிவிட்டார்.

"அம்புட்டுப் பேரு முன்னால அப்படிக் கத்துதியே, கூச்சமா இல்லையாட்டி?" என்றார் அப்பா என்னிடம்.

"தறி ஓடுதுன்னு நெனச்சுட்டேம்ப்பா."

மாமாவுக்குப் புரையேறியது. அப்பாவின் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. சோற்றுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அன்னைக்கோட முடிஞ்சுது என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதற்குள் அம்மா பேசினாள். அப்பா சாப்பிடும்போது அம்மா சோறு வேண்டுமா, குழம்பு வேண்டுமா என்பதைத் தவிர வேறு பேசி நான் கேட்டதில்லை.

"கத்தாம என்ன செய்ய? இடிபட்டவ அவ. அவதான சொல்லணும்."

அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, போகிற போக்கில் சொன்னார்: "துப்பட்டாவுக்கு இன்னொரு பின்னு குத்திக்கோ."

நிபந்தனை கூடியிருக்கிறது என்றால் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மாமா எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலைத் தூக்கினார்.

பாத்திரம் தேய்க்கும்போது அம்மா கேட்டாள்: "சொன்னா ஆட்டம் நின்னுராதாட்டி?"

"நிக்காதும்மா. தட்டு எறிஞ்சவகிட்டப் போகும். மறுபடி ஆரம்பிக்கும்."

"அவன் இல்லேன்னு சொன்னா?"

"சொன்னாலும்தான். அப்பத்தான் திரும்பப் போகும்."

"அப்புறம் பேசிக்கிடுவீங்களா?"

"வட்டமா நின்னு பேசணும். அதுவும் ரூல்."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. சாம்பல் அப்பிய கையோடு ஒரு செம்பைப் பிடித்தபடி இருந்தாள். அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். விரலை மடக்கி முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் மறுபடி, "அப்போ நிக்காது," என்றாள். இவ்வளவு எளிதான ரூல் இவளுக்கு ஏன் ஏறமாட்டேன் என்கிறது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அம்மா மைதானத்துக்கு வரவில்லை. மாமாவையும் காணவில்லை. பிறகு வருவாள் என்று ஆடத் தொடங்கிவிட்டேன். மரத்தடி வெறுமையாகவே இருந்தது. மூன்றாவது நிபந்தனை நினைவுக்கு வந்ததும் பாதி ஆட்டத்தில் வீட்டுக்கு ஓடினேன். வாசலில், தறிச் சாமான் ஏற்றும் மூன்றுசக்கர சைக்கிள் வண்டி நின்றது. முன்னறையில் தையல் மெஷின் இருந்தது, அதன் பழைய கால்தடத்தின் மேலேயே. பக்கத்தில் மாமா சட்டையை உதறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். நாற்காலி சுவரோரம் தள்ளப்பட்டு, அதில் அத்தை விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் தரமாட்டேன்னு எப்பச் சொன்னேன்? என் தம்பி வீட்டுச் சாமான், எங்கன இருந்தா என்னன்னு இருந்தேன்," என்றாள் அத்தை.

"இருக்கட்டும் மைனி. எனக்கு வேணும், கேட்டேன்," என்றாள் அம்மா. "காப்பிக்குச் சீனி போதுமா?"

அத்தை ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். அம்மா அசையாமல் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றாள் அத்தை.

எனக்கு இதில் எதுவும் காதில் ஏறவில்லை. பெரியவர்கள் சாமான் கொடுத்து வாங்குகிறார்கள்; அதில் என்ன இருக்கிறது? "நீ ஏம்மா வரல? அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வெளாட விடமாட்டாங்க," என்று அழுகிற குரலில் சொன்னேன். "இங்கன ஒரு சோலி இருந்துச்சுட்டி," என்று சீனி டப்பாவைத் திறந்தாள். சீனி கொஞ்சம் தரையில் சிந்தியது.

மறுவாரம், வழக்கமாக வரும் நேரத்தில், வாசலில் அத்தை செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா துண்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மெஷினை நிறுத்தி எழுந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஊரிலிருந்து யாரோ வந்துவிட்ட மாதிரி வாசலுக்கு ஓடினாள். "வாங்க மைனி, வாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். அன்று காப்பியோடு முறுக்கும் கொடுத்தாள். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை எப்போதும் வருகிறவள்தானே.